துரைக்கு ஒரு மேடை

எங்கள் வீட்டில் ஒரு துரை இருக்கிறார். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துரை என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் துரை பங்களாவில் இல்லை, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறார். நெற்றி புடைத்த லோஹான் மீன். வேறு எந்த மீனையும் பக்கத்தில் அண்டவிடாது. சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமானால் கண்ணாடியை முட்டும். அதனால்தான் அப்பா அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

லோஹான் நம் நாட்டுச் சரக்கு. 1990களில் மலேசிய மீன் வளர்ப்பாளர்கள் கலப்பினமாக உருவாக்கிய மீன் அது. கடலோ ஆறோ அதற்குச் சொந்த ஊர் கிடையாது. தொட்டிதான் அதன் ஊர். தொட்டிக்கு ஒன்று ஆனால் அதற்குப் போக்கிடம் இல்லை.

போன ஆண்டு மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகப் பார்த்தது.

இரண்டு தீபாவளிக்கு முன்னால், அப்பாவுக்குப் பரிசாக ஒரு மீன் தொட்டி அலமாரி வாங்கித் தந்திருந்தேன். இணையத்தில் பார்த்து வாங்கியது. பளபளவென்று வெள்ளையாக, இரண்டு கதவுகளோடு அழகாக இருந்தது. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்பதை நான் கவனிக்கவில்லை. தொட்டியின் மேல் இருந்த வடிகட்டியிலிருந்து நாளுக்கு நாலு சொட்டு கசிந்து, அந்தப் பலகையின் ஓரத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பலகை ஊறி, உப்பி, பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை இரவு. நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவின் மகள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. பிள்ளையை ஒரு கையால் தூக்கி என்னிடம் வீசாத குறையாகத் தந்துவிட்டு, சாய்ந்த தொட்டிக்குத் தோள் கொடுத்து நின்றார். தொட்டி சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது, உடையவில்லை. ஒரு மணி நேரம் வாளி வாளியாகத் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டினோம். துரை அன்றிரவு துணி ஊறவைக்கும் பேசினில் தங்கினார்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் வந்து பார்த்தபோது அலமாரிக்குக் கீழே செங்கல் அடுக்கித் தொட்டியைப் பாதித் தண்ணீரோடு நிறுத்தியிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதைவிட உறைத்தது இன்னொன்று. பக்கத்து வீட்டு மாமாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நீயே எடுத்துக்க மச்சான். அடுத்த வருசம் புது வீட்டுக்குப் போறப்ப இதையெல்லாம் எங்க தூக்கிட்டுப் போறது?"

அப்பாவுக்கு அடுத்த மார்ச்சில் 60 வயது. செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடங்களுக்கு மேல் பிட்டர் வேலை. ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த விதி. தெலுக் பங்ளிமா காராங் பக்கம் ஒற்றை மாடி வீடு ஒன்றுக்கு நானும் அக்காவும் முன்பணம் கட்டியிருந்தோம். சாவி கிடைத்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் ஒவ்வொரு பொருளாக யார் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் போயிற்று. கோழிக்கூண்டு போயிற்று. அடுத்தது துரை.

அன்றுதான் முடிவு செய்தேன். துரை எங்களோடு வருவார். அவருக்குக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு மேடை செய்ய வேண்டும்.

இரும்பில் பற்றவைத்துச் செய்யலாம். ஆனால் ஒரு பக்கம் லங்காட் ஆறு, ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, அணை கட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கும் தீவு இது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்காது. பற்றவைத்தால் கழற்றவும் முடியாது. தேடியபோது கிடைத்ததுதான் தொழிற்சாலைகளில் இயந்திர மேசை செய்யப் பயன்படுத்தும் அலுமினியச் சட்டம். நாற்பது மில்லிமீட்டர் சதுரம், நான்கு பக்கமும் நீளமாக ஒரு காடி. அந்தக் காடிக்குள் நட்டை நுழைத்து, போல்ட்டு போட்டு, அலென் சாவியால் முறுக்கினால் போதும். பற்றவைப்பு வேண்டாம், வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

நான் கணக்கர். கணக்குப் போட்டேன். தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். 40 சென்டிமீட்டர் வரை தண்ணீர் ஊற்றினால் 216 லிட்டர், அதாவது 216 கிலோ. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 50 கிலோ. கல், வடிகட்டி எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். நான்கு பெரிய ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

75 சென்டிமீட்டரில் நான்கு கால், 112இல் நான்கு நெடுஞ்சட்டம், 37இல் நான்கு குறுக்குச்சட்டம். கிள்ளானில் ஒரு கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கினேன். மூலைப் பிராக்கெட், போல்ட்டு, நட்டு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரிங்கிட்டைத் தாண்டியது. காரில் ஏற்றிக்கொண்டு, பந்திங் சாலையில் போய், பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் மாட்டியும் முடித்தேன். வெள்ளி மாதிரி மின்னியது.

"அலுமினியத்துல சட்டிதான் செய்வாங்க" என்றபடி அப்பா வந்தார். பிடித்து ஆட்டினார். குனிந்தார். மூலையில் விரலை வைத்தார்.

"பாப்பா, தொட்டிய எது தாங்குது?"

"இந்த மேல் சட்டம்."

"மேல் சட்டத்த எது தாங்குது?"

நான் காலைக் காட்டினேன்.

"கால் எங்க தாங்குது? ரெண்டு காலுக்கு நடுவுல சட்டம் தொங்குதுல்ல. போல்ட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கறதாலதான் நிக்குது. அந்த நட்டு இருக்கறது காடியில. காடின்னா நழுவறதுக்குன்னே செஞ்சது. என்னைக்காவது ஒரு போல்ட்டு தளர்ந்தா?"

எனக்கு அந்த 'டக்' சத்தம் மறுபடி கேட்டது.

அப்பா சொன்னதுதான் இந்தச் சட்டங்களைப் பற்றி நான் கற்ற முதல் பாடம். பாரம் போல்ட்டில் தொங்கக் கூடாது. சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். அப்போது பாரம் நேராகக் காலில் இறங்கித் தரைக்குப் போய்விடும். போல்ட்டின் வேலை, சட்டம் அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

இரண்டாவது பாடம், நடுவில் வரும் தொய்வு. ஒரே அளவு இரும்பும் அலுமினியமும் ஒரே பாரத்தைச் சுமந்தால், அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். நான் வாங்கிய சட்டம், நடுவில் கால் இல்லாமல் 120 சென்டிமீட்டருக்கு இந்தப் பாரத்தைத் தாங்கினால் கணக்குப்படி நாலைந்து மில்லிமீட்டர் தொய்யும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி வளையாது, விரிசல் விடும். நடுவில் ஒரு கால் கொடுத்தால் தொய்வு பாதியாகும் என்று நினைத்தேன். பார்த்தால், பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "நடுவுல ஒரு கால் வை" என்றார். அவ்வளவுதான்.

"அப்ப எல்லாம் புதுசா வாங்கணுமா?" என்றேன். தொண்டை அடைத்தது. மறுபடியும் தப்பாக வாங்கி வந்திருக்கிறேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து, சிமெண்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். நாலு காலும் அப்படியே இருக்கட்டும். கீழ்ச் சட்டம் இரண்டும் அப்படியே இருக்கட்டும். மேலே மட்டும் 120இல் இரண்டு புதிதாக வாங்கு. மிச்சமாகும் 112 இரண்டையும் ஆளுக்கு 71, 37 என்று வெட்டினால் நடுக்கால் இரண்டு, நடுக்குறுக்கு இரண்டு. நடுக்கால் கீழ்ச் சட்டத்தின் மேல் நிற்கும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு பாதம் வைத்துவிடலாம்.

எதுவும் வீணாகவில்லை. மேடை நான்கு சென்டிமீட்டர் உயர்ந்தது, அவ்வளவுதான். "துரை உயரத்துல இருந்தா நல்லதுதானே" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தோம். அப்பா ரம்பம் பிடிப்பதை அத்தனை அருகில் அன்றுதான் பார்த்தேன். அவசரமே இல்லை. வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, இரண்டு நடுக்கால்களையும் சேர்த்து நிறுத்தி, மேலே விரலை ஓட்டிப் பார்த்தார். முடி அளவு வித்தியாசம் என்றாலும் மறுபடி அரம். போல்ட்டுகளுக்கு லேசாகக் கிரீஸ் தடவினார். துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் ஒட்டி இருந்து உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொடி பூக்கும் என்பது அவருக்கு ஆலையில் கிடைத்த அனுபவம்.

பக்கவாட்டில் ஆடாமலிருக்கப் பின்புறம் ஒரு பிளைவுட் பலகை அடித்தோம். மேலே கனமான பிளைவுட், அதன் மேல் மெல்லிய நுரைத்தாள். ரசமட்டம் வாங்கி வந்திருந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு மூலையில் பிடித்து மட்டம் பார்த்தார். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதில் எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

தண்ணீரைப் பாதி ஊற்றி ஓர் இரவு விட்டோம். காலையில் மறுபடி மட்டம். பிறகுதான் முழுவதும் ஊற்றினோம். துரை உள்ளே போனதும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கண்ணாடியை முட்டினார். பசி.

வேலை முடிந்து வாசலில் தேநீர் குடிக்கும்போது அப்பா சொன்னார். "இங்க சுங்கை பும்புன்ல மா மெரிக்காரங்க மரம் செதுக்கறாங்களே, சதுப்பு நிலத்து மரம், கல்லு மாதிரி இருக்கும். அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீ தூளுப் பலகை வாங்கிட்டு வந்தியே." இரண்டு தீபாவளிக்கு அப்புறம் வந்த திட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். குடியிருப்புத் தரைகளைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள். நாலடித் தொட்டி அந்தக் கணக்கைவிடப் பல மடங்கு பாரத்தை ஒரே இடத்தில் வைக்கும். தெரிந்த பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

மார்ச் மாதம் வீடு மாறினோம். லாரிக்காரர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இதையுமா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து அலென் சாவியை எடுத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சட்டத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதிக்கொண்டே கழற்றினார். அரை மணி நேரத்தில் மேடை ஒரு கட்டு விறகு மாதிரி ஆகிவிட்டது. அதை யாரையும் தொடவிடாமல் தாமே தோளில் வைத்து வெளியே கொண்டுபோனார்.

தாத்தா இந்தத் தீவுக்குப் படகில் வந்தாராம். அப்பா பாலத்தின் வழியே வெளியேறினார். லாரியின் முன் இருக்கையில், மடியில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் துரை.

புது வீட்டில் முதலில் மாட்டியது சாமி படம். இரண்டாவது, அந்த மேடை.