தோற்றவர்கள் ஆடிய மைதானம்

பௌதிகம் பயில்வோர்க்குச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் மைதானம் பாடல்பெற்ற தலம் போன்றது. 1942 டிசம்பர் 2-ஆம் நாள், அதன் மேற்குப் பார்வையாளர் மேடையின் அடியில்தான் ஃபெர்மி குழுவினர் முதல் அணு உலையை இயக்கினர். அந்த மேடை எந்த ஆட்டத்தைக் காண எழுந்தது என்று தேடப்போனேன். கண்டது வேறு கதை.

ஆட்டம், அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பதோ பெரும்பாலும் கையில்! 1935-இல் முதல் ஹைஸ்மன் பரிசு பெற்ற ஜே பெர்வாங்கர் சிகாகோ மாணவரே. நான்கே ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 1939-இல் எட்டு ஆட்டங்கள். வாபாஷ், ஓபர்லின் என்னும் சிறு கல்லூரிகளை மட்டுமே வென்றனர். ஹார்வர்டிடம் 61-0, ஒஹாயோவிடமும் 61-0, மிச்சிகனிடம் 85-0! அந்த டிசம்பரிலேயே, தலைவர் ஹட்சின்ஸ் விரும்பியவாறு, குழு கலைக்கப்பட்டது. ஆட்ட ஆரவாரம் கல்விக்கு இடையூறு என்ற அவர் வாதம் வலுவானதே. ஆயினும் மிச்சிகன் எண்பதைத் தாண்டிய பின்னரும் எதிரே வரிசையில் நின்றார்களே, அந்தப் பிள்ளைகளிடமே என் மனம் செல்கிறது. 1969-இல்தான் பல்கலைக்கழக அணி மீண்டும் களம் கண்டது.

நம் சங்கக் கபடிக் குழு இவ்வாண்டு ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. கலைத்துவிடலாம் என்கின்றனர் செயற்குழுவினர் சிலர். ஊர் விட்டு வந்த நமக்கு, மாலையில் வாய்விட்டுத் தமிழில் கூவ வேறு இடம் ஏது? வரும் கூட்டத்தில் என் கை எதிர்த்தே உயரும்.