கூடப்பிறந்ததைக் காட்டச் சொல்லுங்கள்

திண்டுக்கல்லில் நடந்த கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சி பற்றிப் படித்தேன். சேவல்கள் லட்சக்கணக்கில் விலை பேசப்படுவதாகச் செய்தி. அப்படியொரு சேவலை உருவாக்குகிறவர் யார் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கால்நடை மருத்துவரான நண்பரிடம் கேட்டேன். ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

அவர் பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அவர் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டுவிட்டது. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே அப்பா விட்டுப்போன பெருவிடை என்னும் நாட்டுக்கோழி இனப் பெட்டைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார். இன்று அவர் வீட்டுச் செலவில் பெரும்பகுதியைக் கோழிதான் தாங்குகிறது.

நான் போன அன்று விருத்திக்குச் சேவல் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு சேவல்களைக் கட்டியிருந்தார். ஒன்று செவலை நிறம். தரையில் புரளும் வால், கிளிக்கு இருப்பதுபோலவே வளைந்து இறங்கும் அலகு. இன்னொன்று கீரி நிறம். வால் கொஞ்சம் குட்டை, பார்வைக்குச் சாதாரணம். என்னைக் கேட்டிருந்தால் செவலையைத்தான் காட்டியிருப்பேன். அவர் கீரியைத் தூக்கினார்.

முதலில் அலகைத் திறந்து மூடிப் பார்த்தார். மேலலகும் கீழலகும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். வளைவு அழகுதான். அது அளவுக்கு மீறினால் கோழி தரையில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்க முடியாமல் திணறும். பிறகு நெஞ்செலும்பை விரலால் நீவினார். கோணல் இல்லை. இறக்கைக்கு அடியில் பேன் இல்லை. கால்விரல்கள் நேராக இருந்தன. கடைசியாகப் பாதத்தை விரித்துப் பிடித்து, விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வைச் சூரியனுக்கு நேராகக் காட்டினார். அதில் ஒரு சிறு துளை.

“இது எந்தப் பெட்டைக்குப் பிறந்ததுன்னு இந்த ஓட்டை சொல்லும் தம்பி.”

அந்தத் துளையைப் போடும் கருவியை அவரே செய்திருக்கிறார். சாவித்துளைக்கு இரும்பை அராவிப் பழகிய கை. உள்ளங்கைக்குள் அடங்கும் இடுக்கி, முனையில் குண்டூசித் தலையளவு வட்டம். முந்தின நாள் பொரித்த குஞ்சு ஒன்றைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்துச் செய்து காட்டினார். சவ்வை இழுத்துப் பிடித்து ஒரு அழுத்து. குஞ்சு ஒருமுறை கத்தியது. அவ்வளவுதான். முன்விரல்களுக்கு இடையே காலுக்கு இரண்டு சவ்வு, ஆக மொத்தம் நான்கு. எதில் துளை, எதில் இல்லை என்று மாற்றிப் போட்டால் 16 அடையாளங்கள் கிடைக்கும். கால்நடைப் பயிற்சி ஒன்றில் கேட்டுக்கொண்ட முறை இது. வளையம் போட்டால் கழற்றி மாட்டிவிடலாம், துளையை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது என்பதால் இதை விடாமல் செய்கிறார்.

கீரியைத் தேர்ந்ததற்குக் காரணமும் அங்கேதான் இருந்தது. அதே அடையாளம் போட்ட கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். அண்ணன், தம்பி, தங்கை என்று ஏழும் ஒரே மூக்கு, ஒரே வெள்ளைக் கண், ஒரே நிற்கும் தோரணை. செவலையின் உடன்பிறப்புகளோ ஆளுக்கொரு மாதிரி. அதில் இரண்டுக்கு மூக்கே வளையவில்லை.

“செவலை நல்லா வந்துடுச்சு. ஆனா அது பெத்தா என்ன வரும்னு என்னால சொல்ல முடியாது. கீரிக்குச் சொல்லுவேன்.”

ஒரு பெட்டை கெட்டால் ஓர் ஈத்து கெடும். ஒரு சேவல் எட்டுப் பத்துப் பெட்டைகளின் குஞ்சுகளுக்குத் தகப்பன். அது கெட்டால் அந்த வருஷத்துக் குஞ்சு முழுக்கக் கெட்டது. கீரியின் வால் குறையை எப்படிச் சரிக்கட்டுவது என்று கேட்டேன். வால் நீண்ட பெட்டைகளாகப் பார்த்துச் சேர்ப்பாராம். இரண்டு பக்கமும் ஒரே குறை இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறார். சேவலை மாற்றியதும் மூன்று வாரம் இடும் முட்டைகளை அடைக்கு வைப்பதில்லை, குழம்புக்குத்தான். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கியிருக்கும்.

எனக்கு ஆத்திரம் மூட்டிய விஷயம் வேறு. வளர்ந்தும் வளராத இளம் சேவல்களைத் தரகர்கள் வந்து சில ஆயிரம் கொடுத்து அள்ளிப்போகிறார்கள். தீவனக் கடையில் பாக்கி இருக்கும்போது அவரால் மறுக்க முடிவதில்லை. செல்போனில் ஒரு வீடியோ, “லைன் சுத்தம்” என்று ஒரு வார்த்தை, விலை பல மடங்காகிவிடுகிறது. கலப்புச் சேவலின் அலகைச் சீவி வளைத்து விற்பவர்களும் இருக்கிறார்களாம். சீவிய வளைவு குஞ்சுக்கு வராது. நம்பி வாங்கியவன் ஒரு வருஷம் கழித்து, நேர்மூக்குக் குஞ்சுகளைப் பார்த்த பிறகுதான் ஏமாந்ததை அறிவான். அதற்குள் அந்தச் சேவலின் ரத்தம் அவன் கூட்டம் முழுக்க இறங்கியிருக்கும். இதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன். வாங்குகிறவனின் காசோடு, தலைமுறையாகப் பிரித்துக் காத்த ஓர் இனமும் சேர்ந்து போகிறது.

கிளிமூக்கு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வளர்த்தவர் வீட்டுக்கே போங்கள். சேவலோடு அதன் தாயையும் கூடப்பிறந்தவற்றையும் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் அவர் கையிலேயே கொடுங்கள்.