தேயாத ஷூ நல்ல ஷூவா?

மாருதி 800 மாதிரி சின்ன கார்களில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஷூ இருக்கும். சக்கரம் சுற்றும் வேகத்தில் முன்பக்க ஷூ தானாகவே டிரம்மோடு இறுகிக்கொள்ளும். அதனால் அது கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது சகஜம்தான்.

ஆனால் இடது சக்கரத்து ஷூக்கள் தேய்ந்து, வலது சக்கரத்தில் புதுசு போல இருந்தால்? எல்லோரும் இடதைத்தான் திட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இறுக்கமாகச் சுற்றினால் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். உடனே லேசானால் கேபிள்தான் சிக்கியிருக்கிறது. இல்லையென்றால் சிலிண்டர், ஸ்பிரிங், அட்ஜஸ்டர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

லேசாகச் சுற்றினால் இடது நிரபராதி! ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி வலதைச் சுற்றுங்கள். நிற்காமல் சுற்றுகிறதா? வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கலாம். தேயாத ஷூ, வேலையே செய்யாத ஷூ!

காரணம் தேடாமல் ஷூவை மட்டும் மாற்றுவது, பதிவில் இருக்கும் தப்பை விட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் திருத்துகிற கதைதான். மழையில் சடன் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் திரும்பும். அப்போதுதான் அந்தக் கணக்கு வெளியே வரும்.