பிசின் வடித்த லாண்ட் காடு

பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகரைத் தாண்டித் தெற்கே போனால் வழிநெடுகப் பைன் மரங்கள்தான். ஆதிகாலத்துக் காடு என்றே தோன்றும். ஆனால் பெரும்பகுதி மனிதர்கள் நட்டது! முன்பு இது நீர் தேங்கும் புல்வெளி. ஆடு மேய்ப்பவர்கள் உயரமான மரக்கால்களைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். 1857-ல் மூன்றாம் நெப்போலியன் அரசு ஒரு சட்டம் போட்டது: ஊர்ப் பொதுநிலங்களில் நீரை வடித்துப் பைன் நட வேண்டும். மேய்ச்சல் போயிற்று. மேய்ப்பர்களில் பலர் பிசின் எடுப்பவர்களானார்கள். அவர்களைக் கேட்டா சட்டம் போட்டார்கள்?

பட்டையைச் சீவினால், காயத்தை மூட மரம் பிசினை வடிக்கும். முதலில் மரத்தடி மணலில் குழி தோண்டிப் பிடித்தார்கள். பாதி மண்ணாகவே வரும். 1840-களில் யூக் என்பவர் மண்கலயத்தை மரத்திலேயே மாட்டும் முறையைக் கொண்டுவந்தார். காயம் மேலே ஏற ஏற, கலயமும் ஏறும். நம் ஊர் ரப்பர் தோட்டத்துச் சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிசினைச் செப்புக் கொப்பரையில் காய்ச்சினால் டர்பன்டைன் ஆவியாகப் பிரிந்துவிடும். அடியில் மிஞ்சுவது ஆறியதும் தேன் நிறக் கண்ணாடி போல இறுகும். தட்டினால் நொறுங்கும். அதுதான் ரோசின். வயலின் வில்லின் குதிரைமுடி வழவழப்பானது. ரோசின் தேய்த்தால்தான் தந்தியைப் பற்றி இழுக்கும். இல்லாவிட்டால் எந்தக் கச்சேரியிலும் வயலின் வாய் திறக்காது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகையிலும் இது உண்டு. சோப்பு, வார்னிஷ், மை ஊறாத காகிதம் எல்லாவற்றுக்கும் வேண்டியிருந்தது.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து வந்த சரக்கு நின்றது. லாண்டில் விலை எகிறியது. லாபம் பெரும்பாலும் நிலக்காரர்களுக்கு; பிசின் எடுத்தவர்களோ பங்குக் கூலிக்குப் போராடினார்கள். 1906-ல் வேலைநிறுத்தமே நடந்தது. பின்னர் வெளிநாட்டு மலிவுச் சரக்கும் பெட்ரோலியப் பொருள்களும் வந்து, 1990-ல் தொழில் ஓய்ந்தது.

லுக்சே கிராமத்தில் 1954 வரை இயங்கிய பிசின் ஆலை இன்று அருங்காட்சியகம். சாப்ரிலிருந்து சின்ன ரயிலேறினால் மார்க்கேஸ் பழைய குடியிருப்பையும் பார்க்கலாம். அந்த வட்டாரத்து முதிய பைன்களை உற்றுப் பாருங்கள். அடிமரத்தில் நீளமாக ஒரு தழும்பு. இருபுறமும் பட்டை உதடு போல மடிந்து, இன்னும் மூடிக்கொண்டிருக்கும்.