மெழுகுவர்த்தி பிடித்தவர்கள் மந்திரியானால்...

பாரிஸில் ஈஃபில் டவர் பார்க்க க்யூ உண்டு, டிக்கெட் உண்டு. பாலே ராயல் தோட்டத்துக்கு இரண்டுமே கிடையாது. லூவ்ர் மியூசியத்துக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் வந்துவிடுகிறது. முற்றத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தூண்கள். உள்ளே வரிசையாய் மரங்கள், இரும்பு நாற்காலிகள். ஆபீஸ் மீட்டிங்கில் கொட்டாவி விட்ட எவரும் இங்கே ஒரு கும்பிடு போடலாம். ஒரு தேசத்தையே கமிட்டிகளிடம் ஒப்படைத்தவரின் ஜாகை இது!

கதை ஆரம்பிப்பது ஊருக்கு வெளியே, வெர்சாய் அரண்மனையில். 14-ம் லூயி பெரிய பிரபுக்களை அங்கேயே கட்டிப் போட்டிருந்தார். ராஜா படுக்கப் போகும்போது மெழுகுவர்த்தி பிடிக்கும் பாக்கியம் யாருக்கு என்பதில் அவர்களுக்குள் போட்டா போட்டி. நிஜ வேலை? வியாபாரக் குடும்பத்தில் பிறந்த கோல்பேர் போன்ற மந்திரிகளிடம்.

1715 செப்டம்பர் 1-ல் லூயி போய்ச் சேர்ந்தார். வாரிசுக்கு வயது 5. ராஜாவுக்குப் பதிலாக ஆள வந்தவர், பாலே ராயல்வாசியான ஆர்லியான்ஸ் பிரபு பிலிப். 'தனி மந்திரிகளே வேண்டாம்' என்று சொல்லி, பிரபுக்களை உட்கார வைத்து கவுன்சில்கள் போட்டார். மதம், வெளிவிவகாரம், யுத்தம், கடற்படை, நிதி, உள்நாடு. சில மாதத்தில் வியாபாரமும் சேர்ந்து ஏழு. கஜானாவில் இருந்ததோ கழுத்தளவு கடன்!

என்ன ஆச்சு? யார் உட்காருவது, யார் நின்றுகொண்டு ஃபைல் படிப்பது என்பதே பெரிய பஞ்சாயத்து. சும்மா திட்டக் கூடாது. ஐம்பது வருஷம் மெழுகுவர்த்தி மட்டும் பிடித்த குடும்பத்துக்குத் திடீரென்று பட்ஜெட் போட வருமா? 1718 செப்டம்பரில் கவுன்சில்களுக்கு மூடுவிழா. பழையபடி மந்திரிகள்.

'கமிட்டி என்றாலே இப்படித்தான்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் கேன்கம்புவா தெரு. ஒடுக்கமான சந்து. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கம்பெனி ஷேர்களை வாங்க, விற்க ஒரு காலத்தில் கூட்டம் நெரிந்த இடம்.

அவர் 1715 அக்டோபரிலேயே அரசாங்க பேங்க் திட்டத்தோடு வந்தார். உட்கார்ந்து பேசியவர்கள் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினார்கள். மறு வருஷம் தனியார் பேங்க்குக்குத்தான் அனுமதி கிடைத்தது. கவுன்சில்கள் ஒழிந்து மூன்றே மாதத்தில், 1718 டிசம்பரில், அது ராஜாங்க பேங்க் ஆனது. 1720 ஜனவரியில் நிதி இலாகாவே லாவின் கையில். நோட்டு அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷக் கடைசியில் நோட்டு வெறும் காகிதம். லா நாட்டை விட்டே ஓட்டம். சேமிப்பைப் போட்டவர்கள் தலையில் துண்டு.

கமிட்டியில் காபி ஆறும், ஃபைல் நகராது, வாஸ்தவம். ஆனால் 'இது வேண்டாம் ஸார்' என்று சொல்ல அங்கே ஓர் ஆளாவது உட்கார்ந்திருப்பான்.