அப்பாவுக்கு விசா... எனக்கு?

பத்து நாள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வந்தவன், கோபுரங்களையும் மியூசியங்களையும் பற்றித்தான் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கணும். கோபுரம் பார்த்தது ஒன்றரை மணி நேரம். விசாவுக்கு அலைந்தது ரெண்டு மாசம். எதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும் என்று நீங்களே சொல்லுங்கள்!

எல்லாம் அப்பாவால் வந்தது. அப்பா ஆர்.எம்.எஸ். ஆசாமி. அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். முப்பத்து நாலு வருஷம், ஓடும் ரயிலிலும் ஸ்டேஷன் ஆபீஸிலும் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்தவர். வெளிநாட்டுக் கவர்கள் கைக்கு வந்தால் ஸ்டாம்ப்பை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அறையில் போடுவாராம். "உலகம் பூரா என் விரல் வழியா போயிருக்குடா. என் டூட்டிதான் ஜோலார்பேட்டையோட முடிஞ்சு போச்சு" என்று அடிக்கடி சொல்வார். போன வருஷம் எழுபத்து ரெண்டு முடிந்தது. "முட்டி நல்லா இருக்கறப்பவே ஒரு தடவை..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்தப் பாதி வாக்கியம்தான் என்னை ஆபீஸ் கம்ப்யூட்டரில் விசா விண்ணப்பத்தைத் திறக்க வைத்தது.

"ஷெங்கன் விசா எடுக்கணும்ப்பா."

"ஷெங்கன்னா யாருடா, அதிகாரியா?"

"ஊர் பேருப்பா. லக்ஸம்பர்க்ல ஒரு கிராமம். அங்க வச்சுத்தான் 1985-ல அஞ்சு நாடு கையெழுத்துப் போட்டாங்க. இப்ப 29 நாடு. ஒரு விசா வாங்கினா எல்லாத்துக்கும் போகலாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த ஊருக்குப் போறோம்."

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எந்த நாட்டிடம் விண்ணப்பித்தோம் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அப்பாவுக்கு இன்னொரு தடவை போகிற ஆசை இருக்கிறது!

முதல் சங்கடம், பெயர். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது சார் குடும்பப் பெயர்? ஓர் இனிஷியலை வைத்துக்கொண்டு காலம் காலமாக ஓட்டுகிற கூட்டம்! பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். அப்பாவுக்குக் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர். ஒரே வீட்டில், ஒரே ரேஷன் கார்டில் இருக்கிற ரெண்டு பேருக்கு வேறு வேறு குடும்பம். விண்ணப்ப மையத்தில் இருந்த பெண் நல்லவேளையாக நம்ம ஊர்ப் பெண். "தெரியும் சார், எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றாள்.

இரண்டாவது சங்கடம், கைரேகை. பத்து விரலையும் ஒரு கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். அது 59 மாதம் அவர்கள் கணினியில் இருக்கும். அதுவரை மறுபடி கேட்க மாட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம். அப்பாவுக்கு விழவே இல்லை. ரேஷன் கடையிலும் இதே ரகளைதான். கவர் கவராகப் பிரித்துத் தேய்ந்து போன விரல்கள்! அந்தப் பெண் ஈர டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "மெதுவா அழுத்துங்க ஐயா" என்று நாலு தடவை முயற்சி செய்தாள். அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அஞ்சாவது தடவை விழுந்தது.

மற்றபடி காகிதம், காகிதம், காகிதம். 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ். ஓட்டல் புக்கிங். விமான புக்கிங் (பணம் கட்டாத புக்கிங், விசா வருமுன் டிக்கெட் வாங்கித் தொலைக்காதீர்கள்). சம்பளச் சீட்டு, வருமான வரி, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸில் லீவ் கொடுத்ததற்கான லெட்டர். அந்த லெட்டருக்கு மேனேஜர் முன்னால் நின்றது தனிக் கதை. "யூரோப்பா? நீங்களா?" என்று கேட்டார் பாருங்கள், அந்த 'நீங்களா'வுக்காகவே போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில்தான் மச்சான் நுழைகிறார். என் மனைவியின் அண்ணன். இதுவரை பாஸ்போர்ட்டே எடுக்காதவர். ஆனாலும் விசா விஷயத்தில் கரை கண்டவர்.

"மாப்ளே, பேலன்ஸ் காட்டணும். இருபத்தஞ்சாம் தேதி ஆனா நாலாயிரம் நிக்கிற அக்கவுன்ட்டை எவன் மதிப்பான்? நான் மூணு லட்சம் போடறேன். விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துடுங்க. அப்புறம், வீட்டுக் கடனைப் பத்தி மூச்சு விடாதீங்க. கடன்காரனுக்கு எவன் விசா கொடுப்பான்?"

நியாயமாகத்தான் பட்டது. இந்தப் பயணத்துக்கென்றே மூணு வருஷமாகக் கட்டின ஆர்.டி. ஒன்று முதிர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்தது. "அது சின்னத் தொகை, அசிங்கமா இருக்கும்" என்று அதையும் காட்ட வேண்டாம் என்றார் மச்சான். காட்டவில்லை. அப்பாவிடமும் கேட்டார். "எனக்கு யார் பணமும் வேண்டாம். என் பென்ஷன், என் டெபாசிட், போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பழைய ஆள், விவரம் தெரியாதவர் என்று நானும் மச்சானும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

2025 ஜூலை 10 அன்று கொடுத்தோம். கட்டணம் தலைக்கு 90 யூரோ, ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். சர்வீஸ் சார்ஜ் தனி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத பணம். உண்டியலில் போட்ட மாதிரி!

ஜூலை 28. ரெண்டு கவர். அப்பாவின் கவரைப் பிரித்தேன். பாஸ்போர்ட்டில் பளபளவென்று விசா ஸ்டிக்கர். என்னுடையதைப் பிரித்தேன். ஸ்டிக்கர் இல்லை. ஒரு தாள் இருந்தது. அச்சடித்த காரணப் பட்டியலில் ரெண்டு கட்டத்தில் டிக். பயணத்தின் நோக்கம், நிலைமை பற்றித் தந்த விவரங்கள் நம்பும்படி இல்லை என்று ஒன்று. விசா முடியுமுன் நாட்டை விட்டுக் கிளம்பும் எண்ணம் இருக்கிறதா என்பதில் நியாயமான சந்தேகம் என்று இன்னொன்று.

அதாவது, எழுபத்து ரெண்டு வயசு அப்பா திரும்பி வந்துவிடுவாராம். நான்தான் அங்கேயே ஓடி ஒளிந்துகொள்வேனாம்!

மனைவி சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்பு கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார்.

"நீ இல்லாம நான் எங்கடா போறது? பத்து வார்த்தை இங்கிலீஷ் சேர்த்துப் பேசினா மூச்சு வாங்கும். விடு. ஸ்டாம்ப் மாதிரி அழகா இருக்கு. ஆல்பத்துல வச்சுக்கறேன்."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்டேட்மென்ட்டை எடுத்து, நானே ஒரு விசா அதிகாரியாக உட்கார்ந்து பார்த்தேன். மாசா மாசம் ஐம்பத்து ரெண்டாயிரம் சம்பளம் வருகிறது. கரைகிறது. ஜூலை 2-ம் தேதி திடீரென்று மூணு லட்சம் முளைக்கிறது. எங்கிருந்து, எதற்கு என்று ஒரு வரி விளக்கம் இல்லை. அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் பதினாலு வருஷம் குப்பை கொட்டுகிறவன் நான். என் டேபிளுக்கு இப்படி ஒரு பேரேடு வந்திருந்தால் முதலில் அந்த வரியைத்தான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அப்பாவின் பாஸ்புக்கை எடுத்தேன். ஒவ்வொரு மாசமும் பென்ஷன். ஒவ்வொரு மாசமும் மருந்துக் கடை, பால், கரன்ட் பில். ஒரு வரி பிசகாமல் ஒரு மனுஷனின் வாழ்க்கை.

அப்பீல் செய்யலாம் என்று அந்தத் தாளிலேயே இருந்தது. ஆனால் அதற்கு எவ்வளவு நாள் ஆகுமோ! அப்பாவின் விசா ஆகஸ்ட் 28-லிருந்து செப்டம்பர் 21 வரைதான் செல்லும். அதற்குள் பத்து நாள். நாங்கள் கேட்டது செப்டம்பர் 6 வரை. பயணம் தள்ளிப் போனால் இருக்கட்டும் என்று பதினைந்து நாள் சேர்த்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பதினைந்து நாள்தான் எங்களுக்கு மிச்சம் இருந்த கயிறு.

மச்சானுக்கு மூணு லட்சத்தைத் திருப்பிப் போட்டேன். புதுசாக ஒரு கவரிங் லெட்டர் எழுதினேன். முதல் தடவை எழுதினது, அழகான ஐரோப்பியப் பண்பாட்டின் மீது எனக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கும் ஈடுபாடு பற்றி. (இன்டர்நெட்டில் சுட்டது.) இந்தத் தடவை நேராக எழுதினேன். மூணு லட்சம் உறவினருடையது, பேலன்ஸ் காட்டப் போட்டது, தப்பு, திருப்பிவிட்டேன். இது என் ஆர்.டி., இது மாசா மாசம் கட்டின ரசீது. வீட்டுக் கடன் இன்னும் பதினாலு வருஷம் பாக்கி. பத்திரம் பேங்கில் இருக்கிறது. ஆறாவது படிக்கும் பெண், மனைவி, முட்டி வலியால் வராத அம்மா, மூணு பேரும் குரோம்பேட்டையில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு நீங்கள் விசா கொடுத்துவிட்டீர்கள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அப்பா விசாவின் நகல் இணைப்பு.

யோசித்துப் பார்த்தால், பதினாலு வருஷ வீட்டுக் கடனை விட்டுவிட்டு எவனாவது ஓடிவிட முடியுமா? பேங்க்காரன் விடுவானா? அதைப் போய் மறைத்திருக்கிறேன்!

மையத்தில் ஸ்லாட் கிடைத்தது ஆகஸ்ட் 14. மறுபடி ஒன்பதாயிரம். பதினைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி; நாற்பத்தைந்து வரை நீட்டவும் விதி இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்தி வந்தது, போயிற்று. பதினைந்தாவது நாளும் போயிற்று. அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் காலண்டர் பக்கம் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போனார். தண்ணீர்ப் பானை இருப்பது எதிர்ப் பக்கம்.

செப்டம்பர் 4 மதியம், ஆபீஸ் கேன்டீனில் தயிர்சாதத்தோடு இருந்தபோது கூரியர் வந்திருப்பதாக மனைவியின் போன். "பிரிக்கட்டுமா?" "பிரி." ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "என்னங்க... உங்க போட்டோ இதுல ரொம்ப மோசமா இருக்கு."

போட்டோ இருக்கிறதென்றால் ஸ்டிக்கர் இருக்கிறது! தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினேன்.

பத்தாம் தேதி ராத்திரி கிளம்பினோம். இறங்கின ஏர்போர்ட்டில் அதிகாரி அப்பாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அப்பா வாங்கிப் பார்த்து, "மை சரியில்லை. தேதி தேஞ்சிருக்கு" என்று தமிழில் அபிப்பிராயம் சொன்னார். அந்த முத்திரையும் இனி கிடைக்காது. அடுத்த மாசமே, அக்டோபர் 12-லிருந்து, அதற்குப் பதிலாகக் கணினிப் பதிவு என்று படிப்படியாக மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆறாவது நாள் ஷெங்கன். லக்ஸம்பர்க் நகரத்திலிருந்து பஸ். அந்த நாட்டில் 2020-லிருந்து பஸ், ட்ராம், ரயிலில் ரெண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம். நம்ம ஊரில் பெண்களுக்கு மட்டும்தானே. அங்கே எனக்கும் அப்பாவுக்கும்கூட! அப்பா கடைசி வரை நம்பாமல் சில்லறையைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மோசெல் என்று ஓர் ஆறு. கரையெல்லாம் சரிவில் திராட்சைத் தோட்டம், அறுவடை சமயம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் லக்ஸம்பர்க், அந்தப் பக்கம் ஜெர்மனி, கொஞ்ச தூரம் நடந்தால் பிரான்ஸ். மூணு நாடும் சேருகிற இடம் என்பதால்தான் ஆற்றில் நின்ற ஒரு படகில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 'பிரின்செஸ் மரி ஆஸ்ட்ரிட்' என்று அந்தப் படகுக்குப் பெயர். அதை இப்போது அங்கேயே கொண்டுவந்து கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் படகில் நாட்டமில்லை. பாலத்தைக் காட்டினார். ஷெங்கனிலிருந்து ஜெர்மனியின் பெர்ல் என்ற ஊருக்குப் போகும் பாலம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லைகளில் சோதனையை மறுபடி கொண்டுவந்திருப்பதாகப் படித்திருந்ததால், எனக்குக் கொஞ்சம் உதறல்தான். அப்பா மஞ்சள் பையிலிருந்து பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ், ஓட்டல் ரசீது, பென்ஷன் ஆர்டர் நகல் எல்லாம் இருந்த ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நடந்தோம். எதிரே ஒரு அம்மாள் நாயோடு வந்தாள். ஒரு பையன் சைக்கிளில் போனான். பாலம் முடிந்தது.

"எங்கடா காட்டணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம்ப்பா. ஜெர்மனி வந்தாச்சு."

அப்பா திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். மறுபடி நடந்து லக்ஸம்பர்க் பக்கம் போனார். அங்கேயும் யாரும் இல்லை. மறுபடி ஜெர்மனி. முட்டி வலிக்கும் மனுஷன், மூணு தடவை! நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒரு போஸ்ட் கார்டு வாங்கினார். அம்மாவுக்கு ஏதோ எழுதி, விலாசத்தை எழுதி, பின்கோடை மட்டும் ஒன்றுக்கு ரெண்டு தடவை சரிபார்த்து, தபால் பெட்டியில் போட்டார். போட்ட பிறகு பெட்டியை ஒரு தட்டு தட்டினார்.

நாங்கள் வீடு திரும்பி ரெண்டு வாரம் ஆனபிறகு அந்தக் கார்டு வந்து சேர்ந்தது. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரையைப் பார்த்தார். "பதினேழு நாள். பரவாயில்லை. நடுவுல காந்தி ஜெயந்தி லீவு ஒண்ணு வந்துடுச்சு."

அம்மா கார்டைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபதாம் தேதி கிளம்பி வருகிறோம். பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லி வை."

"அதெல்லாம் அப்பவே சொல்லியாச்சு" என்றாள் அம்மா.