மஞ்சள் இலை கேட்ட கேள்வி

மரம் வளர்க்க நிலம் வேண்டும் என்பர். வாடகை வீட்டின் மாடியில் குடியிருப்போர்க்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. அதனாற்றான் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நெடுஞ்சாலை ஓரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில், அகன்ற தட்டில் நின்றிருந்த குறுமரம் ஒன்றைக் கண்டதும் என் உள்ளம் அதன்பால் சென்றது. முழங்கை உயரமே இருக்கும். எனினும் முறுக்கேறிய அடிமரமும் புடைத்த வேர்களும் குடையாய்க் கவிந்த இலைகளும் ஊர்ப் பொதுவில் நிற்கும் முதிய ஆலமரத்தை நினைவூட்டின. ஆலின் இனத்தைச் சேர்ந்த பைகஸ் வகை என்றார் விற்பவர். கேட்ட விலையைக் கொடுத்து, பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். தட்டில் நட்டது என்பது அதன் பொருள். கலையின் மூலமோ சீனத்தில் உள்ளது. கி.பி. 706இல் அமைந்த தாங் மரபு இளவரசர் ஒருவரின் கல்லறை ஓவியத்தில், தட்டில் வைத்த குறுமரத்தைப் பணியாளர் ஏந்தி நிற்பதைக் காணலாம். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் 1625 முதல் வளர்க்கப்பட்ட வெண்பைன் ஒன்று இருந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திற்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் நின்றும் அது உயிர் தப்பியது. 1976இல் அமெரிக்காவிற்கு அன்பளிப்பாகச் சென்றது. அணுகுண்டைத் தாங்கியது அம்மரம். என் மரமோ என் அன்பைப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை!

பத்தாம் நாள் அடிக்கிளையின் இலைகள் மஞ்சளித்தன. இலைகள் சோர்ந்து தொங்கவே, தாகம் போலும் என்று கருதிக் காலையில் மட்டும் ஊற்றிய நீரை மாலையிலும் ஊற்றினேன். மஞ்சள் மேலேறியது. சத்துக் குறைவோ என்று ஐயுற்று ஒரு கரண்டி யூரியாவும் இட்டேன். மறுவாரம் என் எழுதுமேசை முழுவதும் உதிர்ந்த இலைகள்.

அந்நிலையில் தாவரவியல் துறை நண்பர் ஒருவர் இல்லம் வந்தார். மருந்தின் பெயரைச் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ கேள்விகளையே கேட்டார்.

“முதலில் மஞ்சளித்தவை முதிய இலைகளா, கொழுந்துகளா?”

முதியவை என்றேன். கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு என்று ஐயுறலாம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரால் அது நேர்வதுண்டு. தழைச்சத்துக் குறைந்தால் முதிய இலைகள் மஞ்சளிக்கும்; ஏனெனில் மரம் முதிய இலையிலுள்ள சத்தை எடுத்துக் கொழுந்துக்கு ஊட்டிவிடும் என்று விளக்கினார். இலைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினார். ஊர்ந்து செல்லும் புள்ளி எதுவும் விழவில்லை. ஆகவே சிலந்திப்பேனும் இல்லை. பின்பு தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் செருகி எடுத்தார். நுனிவரை ஈரம். முகர்ந்து பார்க்கச் சொன்னார். சேற்று நாற்றம்.

“எத்தனை முறை நீர் ஊற்றினீர்கள், ஐயா?”

தலைகுனிந்து விடை சொன்னேன்.

மரத்தைத் தட்டிலிருந்து பெயர்த்தோம். மேற்பரப்பில் அழகுக்குப் பரப்பிய கூழாங்கற்கள் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. அடியில் இறுகிய களிமண். நீர் வடியும் துளை அடைபட்டிருந்தது. வேர்களில் பாதி கருத்துக் குழைந்திருந்தன. வேரும் மூச்சு விடும். மண்ணின் இடைவெளிகளில் நீரே நிறைந்து நின்றால் அது மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே நீரில் மூழ்கிய மரமும் தாகத்தால் வாடிய மரம் போலவே தோன்றும். வெயிலில் வளர்ந்ததைக் கொண்டுவந்து இருண்ட அறையில் வைத்தது மற்றொரு குற்றம். நலிந்த வேருக்கு யூரியா இட்டது எல்லாவற்றினும் பெருங்குற்றம்.

அழுகிய வேர்களை அரிந்தோம். துளையைத் திறந்து, பருமணலும் செங்கல் துண்டுகளும் கலந்த மண்ணில் நட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வைத்தோம். ஈர்க்கின் மேற்பகுதி உலர்ந்த பின்னரே நீர். புதுத்தளிர் வரும்வரை உரமில்லை. நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவன் நான். என் மரத்தின்முன் அம்மூன்றில் ஒன்றையும் எண்ணவில்லை.

அவ்வாண்டு என் வகுப்பில் முதலாமாண்டு மாணவன் ஒருவன் இருந்தான். சேர்ந்தபோது துடிப்போடிருந்தவன், நாளடைவில் கடைசி இருக்கையில் கண் சொருக அமர்ந்திருந்தான். இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தது. மாலையில் தனி வகுப்பு வைத்தேன். கூடுதலாக நூல்களும் கொடுத்தேன். அவன் மேலும் சோர்ந்தான். அக்கறையில்லாதவன் என்று ஒருநாள் பலர் முன்னிலையில் கடிந்தும் கொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

வேர்களைக் கண்ட மறுநாள் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, மாலையில் கல்லூரி முடிந்தபின் என்ன செய்கிறாய்?” என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிப் பின் சொன்னான். தந்தை நோயுற்றதால் மாலையில் உணவகம் ஒன்றில் வேலை செய்து வீட்டிற்குப் பணம் அனுப்பி வந்தான். என் தனி வகுப்பிற்காக மாலை வேலையை விட்டு இரவு வேலைக்கு மாறியிருந்தான். உறக்கம் இரண்டு மணி நேரமே. “நீங்கள் எனக்காகத்தானே வகுப்பு வைத்தீர்கள், ஐயா! எப்படி வேண்டாமென்பது?” என்றான்.

நான் ஊற்றிய நீரில் அவன் மூழ்கிக்கொண்டிருந்தான்.

தனி வகுப்பை நண்பகல் இடைவேளைக்கு மாற்றினேன். பலர் முன்னிலையில் கடிந்ததற்குப் பலர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். அப்பருவத்தில் இரண்டு தாள்களில் தவறினான்; அடுத்த பருவத்தில் அவற்றையும் எழுதித் தேறினான்.

ஆறு வாரம் கழித்து மரத்தில் தளிர் அரும்பியது. ஒரு கிளை மட்டும் மீளவில்லை. அது இருந்த இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது; கம்பி கட்டி வேறு கிளையை அங்கே வளைக்கலாம் என்றார் நண்பர். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். புதிய மாணவர்கள் வகுப்பிற்கு வரும் ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் அந்த வெற்றிடத்தை ஒருமுறை பார்த்துவிட்டே கல்லூரிக்குப் புறப்படுகிறேன்.